கடைசி கல்வெர்ட்டுக்கு பயனாளி யாரு?

கடலூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத்துல ஓவர்சியரா 20 வருஷத்துக்கு மேல ஓட்டிட்டேன். மழைன்னா மத்தவங்களுக்கு லீவு உண்டா இல்லையான்னுதான் கேள்வி, எங்களுக்கு ஐப்பசி பொறந்துட்டா போனை சார்ஜ்ல போட்டுட்டு பேன்ட் சட்டையோடவே படுக்கணும். நம்ம மாவட்டம் உக்காந்திருக்கிற இடம் அப்படி, தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெக்கால கொள்ளிடம்னு எங்கெங்கயோ பெய்யுற மழை எல்லாம் நம்ம வாசல் வழியாத்தான் கடலுக்குப் போயாகணும். 2024ல ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்துல கரை ஏறி மழையை கொட்டிட்டுப் போச்சு, மண்ணு ஊறிப்போய் கிடக்குது, டிசம்பர் 2ம் தேதி விடியறதுக்குள்ள தென்பெண்ணை மேல இருக்குற சாத்தனூர் டேம்ல வினாடிக்கு 1,68,000 கன அடி தொறந்துட்டாங்க, அது தாழங்குடா முகத்துவாரம் போய்ச் சேர்றதுக்குள்ள ஆத்தோர ஊர்ல எல்லாம் பூந்துடுச்சு. அதை ஒரு ஊராட்சி தடுத்திருக்க முடியாது, சரி. ஆனா எங்க பக்கம் அன்னிக்கு தண்ணி நின்ன தெருவுங்க எல்லாத்துக்கும் ஆத்து மேலயே பழி போட எனக்கு மனசு வரல, சிலது நாங்க போட்ட ரோடு பண்ண வேலை.

ஒரு தெருவ சொல்றேன். எட்டு வருஷம் முன்னாடி சிமெண்ட் ரோடுக்கு எஸ்டிமேட் போட்டது நான்தான். பழைய ரோட்டு மேலயே ஜல்லி கொட்டி மேல கான்கிரீட். அதுக்கு முன்னாடி இருந்தவரும் அதையேதான் பண்ணிருக்காரு, அவருக்கு முன்னாடி இருந்தவரும்தான். பழசை சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துல போடுங்கன்னு 2021ல உத்தரவு வந்துச்சு, நல்ல உத்தரவுதான், ஆனா சுரண்டுற மெஷின் அந்த சந்துக்குள்ள திரும்பாது. வெள்ளம் வடிஞ்சப்புறம் கொத்தனாரை கூட்டிட்டுப் போய் தண்ணி டியூப் வச்சு மட்டம் பாத்தோம். தெருக்கோடில ஒரு பாட்டி வீடு, அவங்க நடைக்கும் ரோட்டுக்கும் ஒன்னேகால் அடி வித்தியாசம், ரோடுதான் மேல. "ஓவர்சியரு தம்பி, கல்யாணம் ஆயி வந்தப்ப மூணு படி ஏறித்தான் உள்ள போவேன், இப்ப ரெண்டு படி இறங்கறேன், நீங்கதான் என்னை இறக்கி உட்டீங்க"ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல.

காசு இல்லாமலும் இல்ல. 2021லேருந்து 2026 மார்ச் வரைக்கும் மத்திய அரசுகிட்டேருந்து ஊராட்சிக்கு 15வது நிதிக்குழு மானியம்னு வந்துச்சு, அதுல 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்னு கட்டிப்போட்டே வரும், மிச்சம் 40ல ரோடு, சிறுபாலம், மழைநீர் வடிகால்னு எல்லாத்தையும் சமாளிக்கணும். கிராம சபையில உக்காந்து பாத்தா தெரியும், எங்க தெருவுக்கு பேவர் பிளாக் போடுங்கம்பாங்க, லைட்டு போடுங்கம்பாங்க, ஊருக்கு வெளிய மூணு கிலோமீட்டர் தள்ளி வாய்க்கால் அடைச்சிருக்குதுன்னு ஒருத்தர் எழுந்து சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஜனங்களை குத்தம் சொல்லல. பேவர் பிளாக்னா பூஜை போட்டு போட்டோ எடுத்து அஞ்சு வருஷம் காட்டலாம், வாய்க்காலை தூர்வாரிப் பாருங்க, அடுத்த ஆடிக்குள்ள நெய்வேலி காட்டாமணக்கு ஆளுயரம் வந்துடும், வேலை நடந்துச்சா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வரும். (அந்தச் செடிக்கு எங்கயிருந்து வந்து நம்மூரு பேரு ஒட்டுச்சோ!)

அந்த மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்குற இடத்துக்கு வெள்ளத்துக்கு அப்புறம் நடந்தே போனேன், வண்டி போவாது. சவுக்குத்தோப்பு தாண்டி ஒரு வண்டிப்பாதை, அதுக்கு அடியில 600 எம்எம் ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்) ரெண்டு. ஒன்னு வாய் வரைக்கும் மண்ணு, இன்னொன்னுல தென்னமட்டை, ஆகாயத்தாமரை, யாரோ வீட்டு பிளாஸ்டிக் குடம் எல்லாம் சேர்ந்து அடைச்சிருந்துச்சு. இந்தப்பக்கம் தண்ணி வரப்பு மூடி நிக்குது, அந்தப்பக்கம் முழங்கால் கூட நனையல. நாலு தெரு தண்ணி இந்த ரெண்டு ஓட்டை வழியா போகணும்னு நெனச்சப்ப, மேல தெருவுக்கு தெரு நாங்க கட்டி வச்ச காங்கிரீட் வடிகால் எல்லாம் எதுக்குன்னு இருந்துச்சு, தண்ணிய வேகமா கொண்டாந்து இங்க நிறுத்தத்தான் அது.

சரின்னு பைப்பை எடுத்துட்டு பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி மாதிரி கான்கிரீட்ல ஒரு சிறுபாலம் போட எஸ்டிமேட் எழுதினேன். அதுல பயனடையும் குடும்பங்கள் எத்தனைன்னு நிரப்ப ஒரு கட்டம். சவுக்குத்தோப்புல குடும்பம் ஏது? ஃபைல் மேல போச்சு, பயனாளி விவரம் இல்லைன்னு திரும்பி வந்துச்சு. அப்புறம் மேல இருக்குற நாலு தெருவுலயும் வீடு வீடா எண்ணி எழுதினேன். அது அந்த தெருவுங்களுக்கான வேலை இல்லையேன்னு மறுபடி கேள்வி. நடுவுல வாய்க்கால் நீர்வளத்துறையோடது, பாதைதான் ஊராட்சியோடதுன்னு இன்னொரு பேச்சு, அவங்ககிட்ட தடையின்மை சான்று வாங்கணும். இதுல கடுப்பு என்னன்னா, வெள்ளம் வந்த அன்னிக்கு மட்டும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மணல் மூட்டை, சவுக்கு கட்டை, பொக்லைன் வாடகை, மோட்டார் வச்சு இறைக்க டீசல்னு ராத்திரி 12 மணிக்கு போன்லயே ஓகே ஆவும். தற்காலிக சீரமைப்புன்னா உடனே, நிரந்தரம்னு எழுதிட்டா வருஷக்கணக்கு. நான் சர்வீஸ்ல அடுக்குன மணல் மூட்டைக் காசை சேர்த்து வச்சிருந்தா அந்த கல்வெர்ட்டை எப்பவோ கட்டியிருக்கலாம்னு தோணும்.

ஃபைல் இப்ப மூணாவது முறையா மேல போயிருக்கு. போன வாரம் ஜேசிபி வச்சு பைப் வாயை மட்டும் தோண்டி விட்டோம், அதுக்கும் வேற தலைப்புலதான் காசு. திரும்பும்போது பாட்டி வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சேன். பீரோவுக்கு நாலு காலுலயும் மும்மூணு செங்கல், கட்டிலுக்கும் அப்படியே, போன மழைக்கு வச்சது. "இன்னும் எடுக்கலையாம்மா?"ன்னு கேட்டேன். "எடுத்துட்டு மறுபடி தூக்கி வைக்க எனக்கு தெம்பு ஏது தம்பி, இந்த மழையும் போவட்டும்"னாங்க.