அங்கி போடாத ஊழியம்

சபையில் செயலாளர், பொருளாளர், மூப்பர் என்று ஏதோ ஒரு பொறுப்பில் இருப்பவரிடம், ஞாயிறு ஆராதனையில் கடைசியாக எப்போது நிம்மதியாக உட்கார்ந்து ஜெபித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரித்துவிடுவார். கண்ணை மூடினால் மைக் கரகரக்கும், வேதம் வாசிக்க வேண்டியவர் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார், பின்வரிசையில் புதிதாக ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறதே, யாராவது போய்ப் பேசினார்களா என்ற யோசனை வேறு. எல்லாரும் ஆமென் சொல்லும்போதுதான் ஜெபம் முடிந்ததே நமக்குத் தெரியும். சபைக் குழுவில் இருந்த காலத்தில் எனக்கும் இதே கதைதான்.

இந்தப் பொறுப்பைப் பற்றிப் பேசினாலே வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்து ஏழு பேரை இழுப்பது வழக்கம். அவர்கள் மேல் கைகளை வைத்து ஜெபித்து நியமித்தார்கள் என்பதால், அவர்களை அபிஷேகம் பெற்றவர்கள், அதாவது போதகர்களைப் போல ஊழியத்துக்கென்றே நியமிக்கப்பட்டவர்கள், வரிசையில் சேர்க்கும் சபைகளும் உண்டு, அந்த விவாதம் இருக்கட்டும். என்னை ஈர்ப்பது அங்கே எழுந்த பிரச்சினைதான். அன்றாடம் உணவு பகிரும் பந்தி விசாரணையில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்கம் பேசுகிறவர்கள் முறுமுறுக்கிறார்கள். உடனே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைக்கு நாம் குறை சொல்கிறவரை அடுத்த தேர்தலில் எப்படி வரவிடாமல் செய்வது என்றல்லவா யோசிக்கிறோம்!

வேலையின் பெரும்பகுதி இடையில் நிற்பதுதான். "அண்ணே, பாஸ்டர்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று ஆரம்பிக்கும் பேச்சு வாரத்துக்கு ஒன்றாவது வரும். பிரசங்கம் நீளம், பாடல் புதுசு, என் மகளை ஏன் பாடகர் குழுவில் எடுக்கவில்லை, இப்படி. போதகருக்கும் நம்மிடம் சொல்ல ஒரு பட்டியல் இருக்கும். இரண்டு பக்கமும் கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தால் சபை ஒரு மாதம் தாங்காது. அதற்காக எல்லாவற்றையும் மறைத்தாலும் ஆபத்துதான். இதில் நான் வைத்துக்கொண்ட வழக்கம், பெயர் சொல்லத் தயாராக இருப்பவரின் புகாரை மட்டும் எடுத்துப் போவது. "சில பேர் சொல்றாங்க" என்று வந்தால், அந்தச் சில பேரையே வரச் சொல்லுங்கள் என்றுவிடுவேன். பாதிப் புகார்கள் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஒரு குழந்தையின் பாதுகாப்பு, ஒருவர் இன்னொருவரைத் துன்புறுத்துவது என்று வந்தால் இந்த வழக்கமெல்லாம் செல்லாது. யார் சொன்னார்கள் என்று பார்க்காமல், அன்றைக்கே உரிய இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

காணிக்கை விஷயத்தில் நம்பிக்கையைப் பற்றிப் பேசவே கூடாது, முறையைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அங்கேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "என்மேல் சந்தேகமா?" என்று கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். எண்ணுகிறவரையே காப்பாற்றத்தான் இந்தக் கையெழுத்து என்று எத்தனை முறை வேண்டுமானாலும் பொறுமையாகச் சொல்லலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய சோதனை ஒன்று உண்டு, பாதிப் போதகராக மாறிவிடுவது. நாளாக ஆக நம் குரலே மாறிவிடும், சாதாரணமாகப் பேசும்போதும் வசனம் கலந்து பேசுவோம், ஆலோசனை கேட்காதவர்களுக்கும் ஆலோசனை சொல்லுவோம். பொதுநிலையினர், அதாவது போதகராக அபிஷேகம் பெறாத நம்மைப் போன்ற சாதாரண விசுவாசிகள், பிரசங்கிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தி விசாரிக்க எடுத்த ஸ்தேவானே அடுத்த அதிகாரத்தில் யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று நீண்ட பிரசங்கம் செய்கிறார். மெதடிஸ்ட் இயக்கமே பிரசங்கம் செய்த பொதுநிலையினரின் தோளில்தான் பரவியது. 1965-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணிக்கென்றே தனி ஆவணம் வெளியிட்டபோது, அவர்களுடைய களம் உலக வாழ்க்கையின் நடுவில் இருக்கிறது என்பதை அழுத்திச் சொன்னது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

வேலை போன ஒருவர் போதகரிடம் போகாமல் என்னிடம் வந்ததற்குக் காரணம், என் ஞானம் கிடையாது. எனக்கும் திங்கட்கிழமை ஒரு மேலாளர் உண்டு, எனக்கும் சம்பளம் தள்ளிப்போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. வேலைக்கான விண்ணப்பத்தைச் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம், அவ்வளவுதான். ஆலயத்துக்குள்ளேயே குடியிருந்து, வெளி வேலையைச் சபை வேலைக்கு இடைஞ்சலாகப் பார்க்க ஆரம்பித்திருந்தால், அவர் என்னிடம் வந்திருக்க மாட்டார். வீட்டிலும் இதே கணக்குதான். எல்லார் வீட்டுப் பிரச்சினைக்கும் நேரம் ஒதுக்குகிற நாம் நம் வீட்டுக்காரர்களிடம் "கமிட்டி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளைகளுக்குச் சபை மேல்தான் கோபம் வரும்.

அப்புறம், பதவிக்காலம் முடிவது. போதகர்கள் மாறிப் போய்விடுவார்கள், நாம் அதே சபையில்தான் இருப்போம், அதுவும் நமக்குப் பதிலாக வந்தவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே. சாவி, கணக்குப் புத்தகம், கடவுச்சொல், எந்த ஸ்பீக்கரை எந்தப் பிளக்கில் செருக வேண்டும் என்பது வரை எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அவர் நாற்காலியை வேறு மாதிரி வரிசைப்படுத்தும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. கேட்டால் சொல்லலாம். இதுவரை அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம், தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று.