தேடுவதற்கல்ல, புரட்டுவதற்கு

மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் கார்டுகளைத் தேட ஸ்க்ரைஃபால் என்ற இணையதளம் இருக்கிறது. நீலமாக இருக்க வேண்டும், ஆடுவதற்குச் செலவாகும் மனா மூன்றைத் தாண்டக் கூடாது, பறக்க வேண்டும், 2005-க்கு முன் வந்திருக்க வேண்டும் என்று எப்படிக் கேட்டாலும் கண் இமைப்பதற்குள் கொண்டுவந்து கொட்டிவிடும். அதைவிட நல்ல தேடுதளத்தை என்னால் எழுத முடியாது. எழுதும் ஆசையும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது வேறு. எதைத் தேடுகிறேன் என்றே தெரியாமல் ஒரு செட்டை, அதாவது ஒரே தொகுப்பாக வெளியான கார்டுகளை, முதல் கார்டிலிருந்து கடைசிக் கார்டு வரை புரட்ட வேண்டும், பக்கத்துக்கு ஒன்பது பாக்கெட் உள்ள பைண்டரைப் புரட்டுகிற மாதிரி. சில மாதங்களாக மாலை நேரங்களில் உட்கார்ந்து எழுதிய கருவி அதை மட்டும்தான் செய்கிறது. இடது அம்பு, வலது அம்பு, ஒன்பது கார்டு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கார்டுகள் நிற்கும் வரிசைதான் விஷயம். ஒரு செட்டின் கலெக்டர் நம்பர்கள், அதாவது கார்டுகளின் வரிசை எண்கள், தாறுமாறாகப் போடப்படுவதில்லை. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை, அப்புறம் பல நிறக் கார்டுகள், ஆர்ட்டிஃபாக்ட் என்ற பொருள் கார்டுகள், கடைசியில் லேண்ட் என்ற நிலக் கார்டுகள். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் பெயர் அகர வரிசையில். இந்த வரிசையில் புரட்டும்போது செட்டின் உடல்வாகு தெரியும். பச்சையில் எத்தனை பெரிய மிருகம், கறுப்பில் கொல்லும் கார்டு எத்தனை, எந்த நிறத்துக்கு ஓவியர்கள் என்ன வெளிச்சம் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தேடல் முடிவில் தெரியாது. அங்கே நாம் கேட்டது மட்டும்தான் வரும்.

நிற வரிசையை நிரலில் நேரடியாக எழுதி வைத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2010-இல் வந்த ரைஸ் ஆஃப் தி எல்ட்ராசி என்ற செட் அந்த எண்ணத்தைக் கெடுத்துவிடும். அதில் எல்ட்ராசி என்ற நிறமே இல்லாத பூதங்கள் வெள்ளைக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருக்கின்றன. முதல் கார்டே ‘ஆல் இஸ் டஸ்ட்’. ஆகவே நிறத்தை வைத்து நானாக அடுக்குவதில்லை. அச்சிட்ட எண் என்ன சொல்கிறதோ அதுதான் வரிசை.

ஆனால் அந்த ‘எண்’ முழுக்க எண் இல்லை. ஸ்க்ரைஃபால் தரும் தரவில் அது சரம், ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர். அப்படியே அடுக்கினால் 1, 10, 100, 101 என்று போய், 2 எங்கோ தொலைவில் கிடக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த தொல்லைதான். இங்கே கூடுதலாக வால்களும் உண்டு. 1994-இன் ஃபாலன் எம்பயர்ஸில் ‘ஹிம் டு டூராக்’ நான்கு வேறு ஓவியங்களோடு வந்தது. அந்தக் காலத்துக் கார்டில் எண்ணே அச்சிடவில்லை, 1998-இல் எக்ஸோடஸ் வந்த பிறகுதான் அச்சிட ஆரம்பித்தார்கள். அதனால் ஸ்க்ரைஃபால்காரர்களே ஒரு எண் கொடுத்து, பின்னால் ஏ, பி, சி, டி என்று ஒட்டியிருக்கிறார்கள். அரேபியன் நைட்ஸில் சிலுவை மாதிரி ஒரு குறி ஒட்டியிருக்கும். ‘தி லிஸ்ட்’ என்ற மறுஅச்சுத் தொகுப்பில் கேட்கவே வேண்டாம்: எண்ணுக்கு முன்னால் எந்தச் செட்டின் கார்டை மறுஅச்சு செய்தார்களோ அதன் குறியீடு, நடுவில் ஒரு கோடு. கடைசியில் ஒவ்வொன்றையும் முன்னொட்டு, இலக்கம், வால் என்று மூன்றாக வெட்டி, இலக்கத்தை மட்டும் எண்ணாக மாற்றி, மூன்றையும் அதே வரிசையில் ஒப்பிடுகிறேன். பத்து வரி நிரல்தான். மொத்தக் கருவியிலும் எனக்குப் பிடித்த பத்து வரி.

அடுத்த சிக்கல், ஒரு கார்டு என்றால் ஒரு பாக்கெட்டா என்பது. 2011-இல் இன்னிஸ்ட்ராட் செட்டோடு இரண்டு பக்கமும் அச்சடித்த கார்டுகள் வந்தன. அவற்றுக்குத் தரவில் படத்தின் முகவரி வழக்கமான இடத்தில் இருக்காது, ஒவ்வொரு முகத்துக்குள்ளும் தனித்தனியாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டால் போதும், சொடுக்கினால் திரும்பும். 2016-இன் எல்ட்ரிட்ச் மூன் இன்னும் ஒரு படி மேலே. புரூனா என்ற தேவதையும் கிசெலா என்ற தேவதையும் ஆட்டத்தில் சேர்ந்தால், இரண்டு கார்டின் பின்பக்கத்தையும் மேலும் கீழுமாக ஒட்டி வைத்து பிரிசெலா என்ற ஒரே பூதாகாரம் ஆக்கலாம். புரூனாவின் எண் 15ஏ, கிசெலா 28, பிரிசெலாவுக்கு 15பி. பிரிசெலா தனிக் கார்டு இல்லை, பைண்டரில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் கார்டும் ஒரு பாக்கெட் தள்ளிப் போய்விடும். புரூனா இரண்டாம் பக்கம், கிசெலா நான்காம் பக்கம். எந்த ஒருத்தியின் மீது சொடுக்கினாலும் மற்றவளை வரவழைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து முழு உருவத்தைக் காட்டும்படி செய்திருக்கிறேன். இப்படி மூன்றே மூன்று ஜோடி உள்ள செட்டுக்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதை ஒருமுறை சேர்த்துப் பார்த்த பிறகு அவர் திரும்பக் கேட்கவில்லை.

தரவைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்க்ரைஃபாலின் ஏ.பி.ஐ.யை, நிரல்கள் தரவு கேட்கும் வாசலை, ஒவ்வொரு கார்டுக்கும் போய்த் தட்டத் தேவையில்லை; மொத்தத் தரவையும் ஒரே ஜேசான் கோப்பாகத் தருகிறார்கள். சில நூறு எம்.பி. வரும். அதை இறக்கி, செட்டு வாரியாக உடைத்து, வேண்டாத புலங்களைக் கழித்துவிட்டால் ஒரு செட்டின் கோப்பு மிகச் சின்னது. சர்வரே வேண்டாம். படத்துக்கு 488-க்கு 680 பிக்சல் அளவு. 146-க்கு 204 அளவிலும் கிடைக்கும், ஆனால் எழுத்து படிக்க வராது. கார்டின் அசல் அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர் என்பதால் அந்த விகிதத்தில் முதலிலேயே வெற்றுப் பெட்டி வரைந்து வைக்கிறேன். படம் வரும்போது பக்கம் குதிக்காது. ஓவியர் பெயரையும் காப்புரிமை வரியையும் வெட்டக் கூடாது என்பது அவர்களின் நிபந்தனை. நியாயமானது. ஓவியர் பெயரை மறைத்துவிட்டு எந்த மூஞ்சியோடு படத்தைக் காட்டுவது?

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த பலன் ஒன்று உண்டு. புதுச் செட்டு வெளியாகும் முன் தினமும் சில கார்டுகளாக வெளியிடுவார்கள். தேடுதளத்தில் அப்போது வந்த கார்டுகள் மட்டுமே தெரியும். பைண்டரிலோ வராத கார்டுகளும் காலி பாக்கெட்டாகத் தெரியும். 112-இல் டி-யில் தொடங்கும் கறுப்புக் கார்டு, 115-இல் எஃப்-இல் தொடங்கும் கறுப்புக் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள இரண்டும் கறுப்புதான். பெயர் டி, இ, எஃப் மூன்றில் ஒன்றில்தான் தொடங்க முடியும். ஆர்வலர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பது பழைய பழக்கம். இப்போது காலி பாக்கெட்டுக்குள் ‘கறுப்பு, டி முதல் எஃப் வரை’ என்று மங்கலாக எழுதிக் காட்டுகிறேன். நிறம் மாறும் எல்லையில் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே இரண்டு நிறத்தையும் போட்டுவிடுகிறேன்.

விலை ஏன் போடவில்லை என்று கேட்கிறார்கள். தரவில் விலை இருக்கிறது, சேர்க்க அரை மணி நேரம் ஆகாது. ஆனால் விலை தெரிந்தால் கண் முதலில் அங்கேதான் போகும், ஒன்பது கார்டில் எட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். எளிதில் கிடைக்கும் காமன் கார்டுகளில்தான் செட்டின் கதையே இருக்கிறது என்பது என் கட்சி. போட மாட்டேன்.

‘மொத்தம் எத்தனை’ என்பதை மட்டும் இன்னும் தீர்க்கவில்லை. 2019-இன் த்ரோன் ஆஃப் எல்ட்ரெய்னில் மொத்தம் 269 என்று அச்சிட்டிருக்கும், ஆனால் ஓரமில்லாத படங்கள், சிறப்பு வடிவங்கள் எல்லாம் 270-இலிருந்து தொடர்கின்றன. இப்போதைக்கு 269 முடிந்ததும் ஒரு பிரிப்புத் தாள் வைத்து, மீதியை அதன் பின்னால் தள்ளியிருக்கிறேன். போகிமான் கார்டு விளையாட்டில் இதே கதை இன்னும் பழையது. 2000-இல் வந்த டீம் ராக்கெட் செட்டில் மொத்தம் 82, டார்க் ரைச்சுவின் எண்ணோ 83. அங்கே அந்த ஒற்றைக் கார்டுக்காகப் பிரிப்புத் தாள் வைத்தால் அசிங்கமாக இருக்கும். கூட்டத்தில் சேராத பிள்ளை மாதிரி கடைசியில் தனியாக நிற்கட்டும் என்று விடவும் மனமில்லை. போகிமான் செட்டுகளைச் சேர்க்கும் வேலை அந்த ஒரு பாக்கெட்டில்தான் நிற்கிறது.