தையல் கடைக்கு எப்போது ஆள் வைப்பது? என் அனுபவம்

மதுரை வில்லாபுரத்தில் ஒற்றை ஷட்டர் கடை என்னுடையது. லேடீஸ் டெய்லரிங், அதிலும் ஜாக்கெட்தான் முக்கால்வாசி. பல வருஷம் தனி ஆளாகவே ஓட்டினேன். அளவு எடுப்பது, வெட்டுவது, தைப்பது, எம்மிங் போடுவது (ஓரத்தை மடித்துக் கையால் தைப்பது), ஹூக் வைப்பது, புடவைக்கு பால்ஸ் அடிப்பது (கீழோரத்தில் பட்டைத் துணி வைத்துத் தைப்பது), நடுவில் போன் எடுத்து "நாளைக்கு வாங்கக்கா" என்று சமாளிப்பது எல்லாம் நானேதான். இப்போது கைவேலைக்கு ஒருவர், மெஷினுக்கு ஒருவர் இருக்கிறார்கள். புதிதாகக் கடை போட்ட பெண்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எப்பக்கா ஆள் வைக்கணும்?" நான் எப்படி முடிவெடுத்தேன் என்று கணக்கோடு சொல்கிறேன். கடைக்குக் கடை தொகை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

தீபாவளிக்கு முன்னால் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து தைக்கிறேன், அதனால் ஆள் தேவை என்று நினைத்தால் எந்த டெய்லரும் நிரந்தரமாக பத்துப் பேரை வைத்திருக்க வேண்டியதுதான். நம் தொழிலில் வேலை சீராக வராது. ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கலும் கல்யாணமும், வைகாசி, ஆவணியில் மறுபடி முகூர்த்தம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. சீசனில் மூச்சு முட்டுவதை வைத்து முடிவெடுத்தால் அடுத்த மாதமே வந்தவரை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் நெருக்கடி நாட்களை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. பார்த்தது ஆடியைத்தான்.

ஆடி பிறந்ததும் என் அலமாரி காலியாகிவிடும். தள்ளுபடியில் எடுத்த புடவைகள் வரும், ஆனால் அவசரமில்லாமல் வரும். அந்த நாட்களில் மெஷினைக் கழற்றி எண்ணெய் போடுவேன், என் சொந்தத் துணிகளைத் தைத்துக்கொள்வேன். ஒரு வருஷம் ஆடி முதல் வெள்ளிக்கு அம்மன் கோவில் போய்விட்டு வந்து பார்க்கிறேன், அலமாரியில் ஆனி மாதத்துப் பைகளே இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் அளவு ஜாக்கெட், அதில் சேப்டி பின் போட்டுக் குத்திய சீட்டு, சீட்டில் நான் எழுதிய தேதி. பாதிச் சீட்டுகளில் தேதி தாண்டியிருந்தது. வேலை குறைந்த மாதத்தில்கூட ஒரு ஆளால் முடிகிற வேலையை விட அதிகம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, உடனே ஆள் தேடினேனா? இல்லை. முதலில் கூலியை ஏற்றினேன். லைனிங் ஜாக்கெட்டுக்கு 350 வாங்கிக்கொண்டிருந்தேன், 450 ஆக்கினேன். வேலை அதிகமாக இருப்பதற்கு, விலை குறைவாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் இல்லையா? அப்படி இருந்தால் ஏற்றியதும் கூட்டம் கலைந்துவிடும், ஆள் வைக்கிற பேச்சே தேவைப்படாது. சிலர் போனார்கள். "ரெண்டு தெரு தள்ளி முந்நூறுக்குத் தைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டே போனார்கள். ஆனால் ஆவணி வந்தபோது அலமாரி மறுபடி நிறைந்தது. ஆள் வைப்பதற்கு முன்னால் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பழைய கூலியிலேயே ஆள் வைத்திருந்தால் அவருக்குக் கொடுத்தது போக எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அடுத்து, நாள் முழுக்க என் கை எதில் போகிறது என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு அளவு பார்த்து வெட்ட அரை மணி நேரம். மெஷினில் ஒன்றேகால் மணி நேரம். எம்மிங், ஹூக், அதை மாட்டும் காஜா என்று கைவேலை முக்கால் மணி நேரம். மொத்தம் இரண்டரை மணி நேரம். லைனிங் துணி, நூல், ஹூக், கேன்வாஸ் எல்லாம் 90 ரூபாய். 450இல் அது போக 360. மணிக்கு 144 ரூபாய். வாடகையும் கரண்ட்டும் இதற்குள்தான்.

கைவேலையை மட்டும் வெளியே கொடுத்தால்? அக்கம்பக்கத்துக் கடைகளில் ஜாக்கெட்டுக்கு 25 ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காசுக்கு நல்ல கை கிடைக்காது, கிடைத்தாலும் நிற்காது என்று 40 வைத்துக் கணக்குப் போட்டேன். எனக்கு 320 மிஞ்சும், வேலை ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் முடியும். மணிக்கு 180 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதோடு பீஸ் ரேட், அதாவது முடித்த ஜாக்கெட் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் வேலை இல்லாத நாளில் என் கையிலிருந்து சம்பளம் போகாது.

நோட்டில் தெரிந்த இன்னொன்று இதைவிட முக்கியமானது. நேரமில்லை என்று நான் திருப்பி அனுப்பியவர்களில் பெரும்பாலானோர் பிரின்சஸ் கட் (உடல்வாகுக்கேற்பத் துண்டுகளாக வெட்டி இணைப்பது), பேடட் (உள்ளே பேட் வைத்தது), முகூர்த்தப் பட்டு ஜாக்கெட் கேட்டு வந்தவர்கள். அவை நல்ல கூலி வருகிற வேலைகள். அவர்களை அனுப்பிவிட்டு நான் செய்துகொண்டிருந்தது பால்ஸ் அடிப்பதும் ஹூக் வைப்பதும். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை, நான் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தின்றுகொண்டிருந்தது. அலமாரி நிறைவதை விட இதுதான் எனக்குச் சரியான அடையாளமாகப் பட்டது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் புதுமண்டபத்தில் வருஷக்கணக்காக மெஷின் போட்டிருந்த பெரியவர். மீனாட்சியம்மன் கோவில் கிழக்கு வாசலுக்கு எதிரே, கல் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். (அந்தக் கடைகளையெல்லாம் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) அவரிடம் போய் யோசனை கேட்டேன். "தைக்க ஆள் வை, கைவேலைக்கு ஆள் வை, கத்திரிய மட்டும் யார்ட்டயும் குடுத்துறாத தாயி" என்றார். தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம், தப்பாக வெட்டினால் துணிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவும் முகூர்த்தப் புடவையோடு வந்த ஜாக்கெட் துணி என்றால் அதே துணியைக் கடையில் வாங்கித் தரவும் முடியாது.

அம்மாவுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. "ஆள் வச்சா அந்த ஆளுக்குச் சேத்து நீ வேலை பாக்கணும்" என்றார். முதல் சில வாரங்களுக்கு அது உண்மைதான்.

கைவேலைக்கு வந்தவர் எதிர்த் தெரு அக்கா. அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை. முட்டிவலி வந்து விட்டுவிட்டார். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் வந்தும் ஸ்டூல் வரவில்லை என்று அக்கா சொல்வார். என்னிடம் வந்ததும் அவர் கேட்ட முதல் விஷயம் கூலி இல்லை. "உக்காந்துதானே வேலை?" என்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வந்து, அவர்கள் வருவதற்குள் போய்விடுவார். எனக்கும் அந்த நேரம் போதும்.

ஊசி பிடிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் பட்டில் எம்மிங் போட்டுப் பழக்கமில்லை. பட்டுக்கு மேல்துணியில் ஊசி ஒரே ஒரு இழையைத்தான் தொட வேண்டும். இரண்டு மூன்று இழையைச் சேர்த்துப் பிடித்தால் வெளிப்பக்கம் வரிசையாகப் புள்ளி தெரியும். நூலையும் இறுக்கக் கூடாது, இறுக்கினால் கையோரம் சுருங்கிக்கொண்டு நிற்கும். முதலில் என் பழைய காட்டன் ஜாக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுத்துப் போடச் சொன்னேன். அப்புறம் சாதா ஜாக்கெட். பட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் மிச்சம் விழுந்த பட்டுத் துண்டுகளில் பழக விட்டேன். சாயங்காலம் வெளிச்சத்தில் துண்டைத் திருப்பிப் பார்த்து, "புள்ளி தெரியுதா பாரும்மா" என்று அவரே கேட்பார். தெரியாத நாள் வந்ததும் பட்டு அவர் கைக்குப் போனது.

இதையெல்லாம் அடுத்து வந்த ஆடியில் செய்ததால்தான் முடிந்தது. ஆவணியில் ஆள் எடுத்திருந்தால் சொல்லிக் கொடுக்க எனக்கு நேரமும் இருந்திருக்காது, பொறுமையும் இருந்திருக்காது. சீசனில் தேடினால் கை தேர்ந்தவர்கள் யாரும் சும்மாவும் இருக்க மாட்டார்கள்.

மெஷினுக்கு இரண்டாவது ஆள் அடுத்த வருஷம்தான். அதற்கும் அதே கணக்கு. லைனிங் ஜாக்கெட்டுக்கு 180 பீஸ் ரேட். 450இல் சாமான் 90, கைவேலை 40, மெஷின் 180 போக எனக்கு 140. பார்க்கக் குறைவாகத் தெரியும். ஆனால் அதற்கு நான் செய்வது அரை மணி நேரக் கட்டிங் மட்டும். மணிக்கு 280. ஒரு நிபந்தனை இருக்கிறது: மிச்சமாகும் நேரத்தை நிரப்ப ஆர்டர் வேண்டும். இல்லாவிட்டால் அந்த 280 காகிதத்தில்தான் இருக்கும். நான் முன்பு திருப்பி அனுப்பிய பிரின்சஸ் கட், முகூர்த்த ஜாக்கெட்டுகளை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கணக்கு நிஜமானது.

மெஷினுக்கு வந்த பெண் அட்வான்ஸ் கேட்டாள். இந்தத் தொழிலில் கேட்காதவர்கள் குறைவு. பெரிய தொகையைக் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுகிற பழக்கமும் உண்டு, அதை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிற பழக்கமும் உண்டு. இரண்டும் வேண்டாம் என்று 5,000 மட்டும் கொடுத்தேன், வாரம் 500 பிடித்துக்கொள்வது என்று இருவரும் நோட்டில் கையெழுத்துப் போட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கணக்கு முடிப்பது, தீபாவளிக்கு போனஸ் எவ்வளவு என்பது, தையல் தவறினால் பிரித்துத் தைக்கக் கூலி கிடையாது என்பது, நான் வெட்டியதில் தவறென்றால் முழுக் கூலி உண்டு என்பது எல்லாம் முதல் நாளே பேசியாகிவிட்டது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும்தான் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 20 பேர் இருந்தால், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 10 பேர் இருந்தால்தான் கட்டாயம் என்பதால் நம்மைப் போன்ற கடைகள் அந்த வரம்புக்குள் வராது. அதற்காக அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியவே இல்லை. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம் ஆகியவற்றுக்கு உதவித்தொகையும் 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. இருவருக்கும் பதிவு செய்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே நானும் பதிந்துகொண்டேன். கடைக்காரியாக இருந்தாலும் மெஷின் மிதிப்பவள்தானே.

வாடிக்கையாளர்கள் விஷயத்தில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. "நீங்களே தைச்சாத்தான் எனக்கு உக்காரும்" என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். மறைக்காமல், "அளவும் கட்டிங்கும் நான், தையல் அந்தப் பொண்ணு, டெலிவரிக்கு முன்னாடி நான் பாத்துட்டுத்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதால் போனவர்களும் உண்டு. ஆனால் சீட்டில் போட்ட தேதிக்குத் துணி கிடைக்க ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு தானாகக் குறைந்தது. ஜாக்கெட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஆல்ட்டர் பண்ணிக்கொள்ளலாம், கல்யாணத்துக்கு மறுநாள் வந்த ஜாக்கெட்டை என்ன செய்வது?

தொழிலைக் கற்றுக்கொண்டு தனிக்கடை போட்டுவிடுவார்களே என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். போடட்டும். நானும் அப்படித்தான் வந்தேன்.

பீஸ் ரேட்டில் இருக்கிற சிக்கல் மார்கழியில் தெரிந்தது. வேலை இல்லையென்றால் எனக்கு நஷ்டமில்லை, அவர்களுக்கு வருமானம் இல்லை. நல்ல கை, வருமானம் இல்லாத மாதத்தில்தான் வேறு கடை தேடும். அதனால் இப்போது மார்கழி பிறக்கும் முன்பே துணிக்கடைகள் இருக்கும் விளக்குத்தூண் பக்கம் போய் நைட்டித் துணியை முழுச் சுருளாக எடுத்து வந்துவிடுகிறேன். நான் வெட்டிப் போட, மெஷினில் ஓடி, கைவேலை முடிந்து கடை வாசலிலேயே மாட்டி விற்கிறோம். நைட்டியில் எனக்கு நிற்பது சொற்பம்தான். ஆனால் தை பிறந்து முதல் முகூர்த்த ஆர்டர் வரும்போது இரண்டு பேரும் கடையில் இருக்கிறார்கள்.