ஸ்கிரிப்ட் கோப்பை எந்த உள்ளடக்க வகையில் அனுப்புவது?

சிறுபோகத்தில் வாய்க்கால்வாரியாக எந்த நாளில் தண்ணீர் திறக்கப்படும் என்பதைக் காட்டும் பக்கமொன்றை, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ்ச் செய்கைபண்ணும் கமக்காரர் அமைப்பொன்றுக்காகச் செய்தோம். எங்கள் மடிக்கணினிகளில் அது சரியாகவே இயங்கியது. ஆனால் அமைப்பின் விண்டோஸ் கணினியில், பைத்தன் நிரல்மொழியுடன் வரும் சிறிய வழங்கியின் (உலாவிக்குக் கோப்புகளை அனுப்பும் மென்பொருளின்) ஊடாகத் திறந்தபோது திகதி மட்டும் தெரிந்தது; அட்டவணை வரவில்லை.

வழங்கி ஒரு கோப்பை அனுப்பும்போது, அது எவ்வகையானது என்று கூடவே சொல்லும் குறிப்பே உள்ளடக்க வகை. கோப்பு 'டெக்ஸ்ட்/பிளெயின்' (வெறும் உரை) வகையில் வந்திருப்பதால், அட்டவணையை உருவாக்கும் மொட்யூலை (புதிய பாணியில் தனி அலகாக அழைக்கப்படும் ஸ்கிரிப்டை) ஏற்கமுடியாது என்று உலாவியின் கன்சோல், அதாவது பிழைச்செய்திகளைக் காட்டும் பகுதி, கூறியது. திகதியைக் காட்டும் ஸ்கிரிப்டும் அதே வகையில்தான் வந்திருந்தது என்பதே எங்களைக் குழப்பியது. பழைய பாணி ஸ்கிரிப்டுகளுக்கு, வகையை நீயாக ஊகிக்காதே எனும் 'நோஸ்னிஃப்' கட்டளை வழங்கியிடமிருந்து வராதவரை, உலாவி இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்கிறது. மொட்யூலாக அழைக்கப்படும் கோப்புக்கு அந்தச் சலுகை எப்போதுமே இல்லை. கோப்பின் பெயர் .ஜேஎஸ் என்று முடிவதை உலாவி கணக்கில் எடுப்பதுமில்லை.

விண்டோஸில் பைத்தன் இந்த வகைகளை ரெஜிஸ்ட்ரியிலிருந்தும் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்திலிருந்தும்) வாசிக்கிறது, அங்கே .ஜேஎஸ் என்பதற்கு எதிரே 'டெக்ஸ்ட்/பிளெயின்' என்று இருந்தது. அதைத் திருத்தினாலும் நாளை வேறொரு மென்பொருள் மாற்றிவிடலாம் என்பதால், வழங்கியைத் தொடக்கும் எங்கள் நிரலிலேயே சரியான வகையைப் பதிந்து, உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துப் பார்த்தோம். அட்டவணை வந்தது.

எந்த வகையைப் பதிவது என்பதில்தான் எங்களுக்குள் வாதம். இணையத் தரங்களை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களில், 2006 இல் வெளியான ஆர்எஃப்சி 4329 'அப்ளிகேஷன்/ஜாவாஸ்கிரிப்ட்' என்பதை முன்வைத்து, 'டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்' வழக்கொழிந்தது என்றது. 2022 இல் வந்த ஆர்எஃப்சி 9239 அதை அப்படியே தலைகீழாக்கியது. உலகம் முழுவதும் புழங்குவதை ஆவணம் பதினாறு ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது என்றே நான் கருதுகிறேன். நாங்கள் 'டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்' என்றே பதிந்தோம். இதே பக்கத்தை இணையத்தில் வைத்திருந்த பொது வழங்கியில், என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருள் 'அப்ளிகேஷன்/ஜாவாஸ்கிரிப்ட்' என்று அனுப்பியதை மாற்றவில்லை. உலாவிகள் இரண்டையும் ஏற்கின்றன.

அந்தப் பொது வழங்கியில் பின்னர் இதே பிழை தோன்றியது, ஆனால் இம்முறை 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்றிருந்தது. கோப்புப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் வேறுபடுத்துவதில்லை, லினக்ஸ் வேறுபடுத்தும்; கோப்புக் கிடைக்காதபோது லினக்ஸில் இயங்கிய அந்த வழங்கி முகப்புப் பக்கத்தையே அனுப்பிவைத்தது. அங்கே வகையைத் தொடவேண்டியிருக்கவில்லை, பெயரைத் திருத்தியதே போதுமானதாயிற்று.