பள்ளித் தாழ்வாரத்தில் மண் ஓவியம்: செம்மண், புளியங்கொட்டைப் பசை, 28 பிள்ளைகள்

கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகளோடு சுவர் ஓவியம் செய்யும்போது, எங்கள் நேரத்தில் பெரும்பகுதி சுவரைத் தயார் செய்வதிலும் பசை காய்ச்சுவதிலும்தான் போகிறது. அங்கே அவசரப்பட்டால் ஓவியம் சில மாதத்தில் தூளாக உதிரும். முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் தெரிவித்துவிடுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்கள் வேண்டாம்.

பசை தண்ணீரில் கரையும் என்பதால் மழைச்சாரல் படாத தாழ்வாரச் சுவர்தான் சரி. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒட்டினால் பழைய சுண்ணாம்பு பிடிப்பு விட்டிருக்கிறது என்று பொருள். பட்டித் தகட்டால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காய விட வேண்டும். இது பெரியவர்கள் வேலை. சுண்ணாம்புத் தூள் பிள்ளைகளின் கண்ணுக்கு ஆகாது.

மண்ணைப் பிள்ளைகளே கொண்டு வரட்டும். பக்கெட்டில் கரைத்து ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டி வேறு பக்கெட்டில் ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தெளிந்த நீரை இறுத்தால் கிடைக்கும் சேறுதான் நிறம். வெள்ளைக்கு சாக் பவுடர், கறுப்புக்கு அரைத்த அடுப்புக்கரி. கரித்தூள் தண்ணீரில் மிதக்கும். முதலில் கொஞ்சம் பசை விட்டுக் குழைத்தால்தான் கலக்கும். கிரானைட் பட்டறைத் தூளைச் சிலர் எடுத்து வருவார்கள். அது நுரையீரலுக்குக் கெடுதல், வகுப்புக்குள் விடவே கூடாது.

புளியங்கொட்டைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. புளி தட்டுகிற வீடுகளில் கேட்டாலே கிடைக்கும். வறுத்து, தோல் நீக்கி, நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 50 கிராம் மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் அரை மணி நேரம் கிளறுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். சேறும் பசையும் சம அளவில் கலந்து சுவர் மூலையில் ஒரு தீற்று தீற்றி, காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். நிறம் கையோடு வந்தால் பசை போதவில்லை. வெடித்துச் சுருண்டால் பசை அதிகம். வெயில் காலத்தில் மறுநாளே புளித்து நீர்த்துவிடும், அப்புறம் பிடிக்காது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே காய்ச்சுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் கெடாது என்பார்கள்; அது விஷம், பிள்ளைகள் கைபடும் இடத்தில் வேண்டாம்.

வரைவதற்கு முன், இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் உள்ள பழங்காலப் பாறை ஓவியத்தின் படத்தைக் காட்டுகிறோம். வெறும் வெள்ளையில் குதிரையும் அதன் மேல் ஆளும். கண், மூக்கு இல்லாமலே உருவம் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு கார்ட்டூன் முகங்கள் குறைந்து, மாடும் மாமரமும் வருகின்றன.

28 × 12 செ.மீ. தாளில் 2 செ.மீ. கட்டம் போட்டால் 84 கட்டம். 28 பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று. சுவரில் அதையே 20 செ.மீ. கட்டமாக, நீலப்பொடி தடவிய நூலைச் சுண்டிப் போடுகிறோம். தரையிலிருந்து 40 செ.மீ. விட்டுத் தொடங்கினால் மேல் விளிம்பு 160 செ.மீ.; ஏணி தேவைப்படாது. கட்டத்தின் உள்ளே வரையும் முன், கோடு கட்டத்தின் ஓரத்தை வெட்டும் புள்ளிகளை எல்லோரும் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டத்துக் கோடு சேராது, மாட்டின் முதுகு படிக்கட்டாகிவிடும்.

2.8 மீட்டர் சுவரில் ஒரே நேரத்தில் நான்கு பேர்தான் நிற்க முடியும். குழுவுக்கு 20 நிமிடம் என்றால், கலக்குவதும் கழுவுவதும் போக, சேர்த்து வாங்கிய இரண்டு பாடவேளையில் மூன்று குழு முடியும். ஏழு குழுவுக்கும் மூன்று நாள் கேட்டு வாங்குங்கள். காத்திருப்பவர்கள் கரி அரைக்கட்டும். பின்னணி முழுக்கக் காய்ந்த பிறகே உருவம். ஒரே இழுப்பில் தீட்டச் சொல்லுங்கள். அழுத்தித் தேய்த்தால் அடிநிறம் கரைந்து மேலே வரும்.

கோணலான கொம்பை நாங்கள் திருத்துவதில்லை. ஒரு கொம்பைத் திருத்தினால் அடுத்த குழு நம் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சுவர் அவர்களுடையதாக இருக்காது.

முடிந்ததும் வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள். வெள்ளை மங்கி மஞ்சளாகும், வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும் என்று பள்ளியைச் சுத்தம் செய்யும் அக்காவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.