ஆச்சி தலையில கை வச்சு சொன்ன அந்த வசனம், எருசலேம்ல கேட்டேன்

சின்ன வயசுல லீவு முடிஞ்சு ஊருக்குக் கிளம்புறப்போ எங்க ஆச்சி வாசல்ல நிக்க வச்சு தலையில கைய வைப்பாங்க. "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்"னு ஆரம்பிச்சு "உனக்குச் சமாதானம் கட்டளையிடக்கடவர்"ங்கிற வரைக்கும் முழுசா சொல்லுவாங்க, பஸ் போயிரும்னு அப்பா எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒரு வார்த்தை குறைக்க மாட்டாங்க. பைபிள்ல எண்ணாகமம் 6ம் அதிகாரத்துல வர்ற வசனம் அது. ஆச்சி போய் ரொம்ப வருஷம் ஆச்சு.

இந்த தடவை எங்க சபையில இருந்து எருசலேம் யாத்திரை போனோம். எகிப்து, சீனாய், யோர்தான் எல்லாம் பாத்துட்டு கடைசியாத்தான் எருசலேம். சீனாய் மலை பத்தியே தனியா எழுதலாம், ஆனா எனக்கு மனசுல நிக்கிறது ஒரு வியாழக்கிழமை காலையும் அடுத்த நாள் சாயங்காலமும்தான்.

யூதர்கள் ஜெபம் பண்ண வர்ற மேற்குச் சுவருக்கு காலைலயே போயிட்டோம். செக்யூரிட்டி தாண்டி உள்ள போனா ரெண்டு கைப்பிடி வச்ச செம்பு வச்சிருக்காங்க, கை கழுவிட்டுத்தான் பக்கத்துல போறாங்க. ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி, நடுவுல தடுப்பு. சுவர்ல கை வச்சப்போ கல்லு குளுகுளுன்னு இருந்துச்சு, எத்தனையோ கை பட்டு வழவழன்னு ஆகியிருக்கு. இடுக்கெல்லாம் மடிச்ச சீட்டு, ஜெபம் எழுதி சொருகினது. அதையெல்லாம் குப்பையில போட மாட்டாங்களாம், வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுத்து ஒலிவ மலையில அடக்கம் பண்ணிடுவாங்களாம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது.

நிறைய பேர் நினைக்கிற மாதிரி இது ஆலயத்தோட சுவர் இல்ல. ஆலயம் இருந்த மேட்டை ஏரோது ராஜா பெரிசாக்கினப்போ மண்ணைத் தாங்கிப் பிடிக்கக் கட்டின சுவர். சாலொமோன் கட்டின முதல் ஆலயத்தை கி.மு. 586ல பாபிலோன்காரங்க எரிச்சாங்க, ஜனங்களை சிறை பிடிச்சுட்டுப் போனாங்க. பெர்சியா ராஜா கோரேஸ் அனுமதி குடுத்தப்புறம் திரும்பி வந்தவங்க ரெண்டாவது ஆலயத்தைக் கட்டினாங்க, அதைத்தான் ஏரோது பிரம்மாண்டமாக்கினார், கி.பி. 70ல ரோமர்கள் அதையும் தரைமட்டம் ஆக்கிட்டாங்க. கி.மு. 63ல பாம்பேங்கிற ரோம தளபதி அந்த ஆலயத்தோட மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளயே நுழைஞ்சு பாத்திருக்கான், கருவறை மாதிரி அந்த இடத்துல சிலை எதுவுமே இல்ல. சுத்தியிருந்த பெரும்பாலான ஜனங்கள் தெய்வத்துக்கு உருவம் வச்சிருந்த காலத்துல ஒரே கர்த்தர், அவருக்கு உருவம் செய்யக்கூடாதுன்னு ஒரு சின்ன ஜனம் பிடிவாதமா நின்னதை அங்க நின்னு நினைக்கிறப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு.

வியாழக்கிழமைன்றதால தோரா சுருள் (மோசேயோட அஞ்சு புஸ்தகம்) வாசிக்கிற நாள், 13 வயசு ஆகுற பசங்களுக்கு பார் மிட்ஸ்வா, அதாவது பெரியவனாகுற சடங்கு நடந்துட்டு இருந்துச்சு. அம்மாமார், பாட்டிமார் எல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் சேர் மேல ஏறி நின்னு பையன் மேல மிட்டாய் எறியுறாங்க, ஒரே சந்தோஷம். அதுக்கு முன்னாடி, ஜெபத்துக்கு நடுவுல ஆண்கள் பக்கம் சில பேர் சால்வையை தலைக்கு மேல இழுத்து மூடி கையை நீட்டினாங்க, ஒருத்தர் ஒவ்வொரு வார்த்தையா எடுத்துக் குடுக்க இவங்க திருப்பிச் சொல்றாங்க. ராகம் மாதிரி இழுத்து, மெதுவா. எனக்கு எபிரேயம் தெரியாது, பக்கத்துல நின்ன ஒரு வயசான அம்மா கண்ணை மூடி குனிஞ்சுக்கிட்டாங்க, நானும் அப்படியே குனிஞ்சுட்டேன்.

வெளிய வந்து எங்க கைடுகிட்ட (அவர் யூதர்) கேட்டேன். மோசேயோட அண்ணன் ஆரோன் வம்சம்னு அப்பா வழியா வழிவழியா வர்ற ஆசாரியர்கள் ஜனங்களை ஆசீர்வதிக்கிற ஜெபம்னார். பலிபீடம் இல்ல, ஆலயம் இல்ல, ஆனா அவங்க பழைய வேலையில இது இன்னும் நிக்கலன்னார். "யெவாரெகெகா அதோனாய் வெயிஷ்மெரெகா"ன்னு சொல்லிக் காட்டி அர்த்தம் சொன்னார். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்! எனக்கு அங்கயே கண்ணு கலங்கிருச்சு. எபிரேயத்துல மொத்தம் 15 வார்த்தை, முதல் வரியில மூணு, ரெண்டாவதுல அஞ்சு, மூணாவதுல ஏழு, அருவி மாதிரி பெருகிக்கிட்டே போகும்னு விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

மத்தியானம் இஸ்ரேல் மியூசியம். எல்லாரும் சாக்கடல் சுருள் (சாக்கடல் பக்கத்துக் குகைகள்ல கிடைச்ச பழைய வேதப் பிரதிகள்) பாக்க ஓடினாங்க, கைடு என்னையும் பாஸ்டரம்மாவையும் மட்டும் வேற பக்கம் கூட்டிட்டுப் போனார். கண்ணாடிக்குப் பின்னால ரெண்டு சின்ன வெள்ளித் தகடு. பெரிசே 10 சென்டிமீட்டர்கூட இல்ல, இன்னொன்னு 4 சென்டிமீட்டருக்கும் கம்மி. நம்ம ஊர்ல தாயத்துக்குள்ள தகடு சுருட்டி வைப்பாங்கல்ல, அதேதான்! எருசலேம்ல இன்னோம் பள்ளத்தாக்குக்கு மேல ஒரு பழைய கல்லறைக் குகையை 1979ல கேப்ரியல் பார்க்காய்ங்கிற ஆராய்ச்சியாளர் தோண்டினப்போ, உதவிக்கு வந்த ஒரு பையன் சுத்தியலால தரையைத் தட்டிட்டே இருந்திருக்கான், அது உடைஞ்சு கீழ யாரும் கை வைக்காத ஒரு அறை இருந்துச்சாம். அதுல கிடைச்சது இது. நொறுங்காம பிரிக்கவே மூணு வருஷம் ஆச்சு. உள்ள கீறி எழுதியிருந்தது எங்க ஆச்சி சொன்ன அதே ஆசீர்வாதம்!

சுமார் 2600 வருஷம் பழசு, சாக்கடல் சுருளைவிடவும் ஏறக்குறைய 400 வருஷம் முந்தினது. முதல் ஆலயம் இன்னும் நின்ன காலம், எரேமியா தீர்க்கதரிசி அதே ஊர்ல அழுதுக்கிட்டே எச்சரிச்சுட்டு இருந்த காலம். கர்த்தரோட நாலெழுத்து நாமம் அதுல இருக்கு, யூதர்கள் அதை வாயால சொல்ல மாட்டாங்க, "அதோனாய்", அதாவது ஆண்டவர்னு மாத்தித்தான் வாசிப்பாங்க, நம்ம பைபிள்ல கர்த்தர்னு போட்டிருக்கிறதும் அந்த மரியாதையிலதான் வந்திருக்கு. கீழ இருக்கிற பள்ளத்தாக்குலதான் பிள்ளைகளை மோளேகுங்கிற அந்நிய தெய்வத்துக்கு தீயில குடுத்தாங்கன்னு ராஜாக்கள் புஸ்தகம் சொல்லுது. அதுக்கு நேர் மேல, "உன்னைக் காக்கக்கடவர்"னு எழுதி யாரோ கழுத்துல போட்டிருக்காங்க. எனக்கு நகரவே மனசு வரல, பாஸ்டரம்மாதான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. பழைய ஏற்பாடுன்னு சொல்லிச் சொல்லி அதை முடிஞ்சுபோன ஒன்னா நினைச்சுக்கிட்டு இருந்தேனே, அது எவ்வளவு தப்பு.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபாத், அதாவது யூதர்களோட ஓய்வுநாள் ஆரம்பம், கடையெல்லாம் மூடி ஊரே அமைதியாயிருச்சு. நாங்க தங்கின ஹோட்டல்ல சாப்பாட்டு ஹாலுக்கு ஒரு குடும்பம் வந்திருந்தாங்க, அப்பா, அம்மா, ரெண்டு பையன், ஒரு குட்டிப் பொண்ணு. சாப்பிடுறதுக்கு முன்னாடி அவர் எழுந்து ஒவ்வொரு பிள்ளை தலையிலயும் கை வச்சார். பசங்களை எப்பிராயீம் மனாசே மாதிரி, பொண்ணை சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் மாதிரி ஆக்கும்னு முதல்ல சொல்றது வழக்கமாம். அப்புறம் அந்த 15 வார்த்தை. குட்டிப் பொண்ணுக்கு பசி போல, ரொட்டியைப் பாத்து நெளிஞ்சுக்கிட்டே நின்னா. நான் தட்டைக் கையில வச்சுக்கிட்டு மூணு, அஞ்சு, ஏழுன்னு மனசுக்குள்ள எண்ணிட்டு நின்னேன், அவர் ஒரு வார்த்தை விடல.