அணையின் உயரத்தைத் தேடி இரண்டு பயணங்கள்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் உள்ள எங்கள் நிறுவனத்திற்குத் தமிழ்நாட்டின் பழைய பாசன மண் அணை ஒன்றின் அபாய வகைப்பாட்டுப் பணியில் ஒரு பங்கு கிடைத்தபோது, வெள்ளக் கணக்கும் வெள்ளப் பரவல் வரைபடமும்தான் சிரமம் தரும் என்று நினைத்தேன். அவை மூன்று வாரத்தில் முடிந்தன. அதன்பின் ஆறு மாதம் என்னை அலைக்கழித்தது ஒரே ஓர் எண்: அணையின் உயரம்.

எங்களிடம் தந்த குறிப்பில் உயரம் 32 அடி, அதாவது 9.75 மீட்டர். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை இருந்து கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமை போன்ற நிபந்தனைகளில் ஒன்று பொருந்துகிற அணைகளுக்கும் உரியது. எங்கள் கரையின் நீளம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். ஆக, கால் மீட்டர் வித்தியாசத்தில் அணை சட்டத்திற்கு வெளியே நின்றது. ஆனால் சட்டம் உயரத்தை அளப்பது அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த பகுதியிலிருந்து. பழைய குறிப்போ ஆற்றுப்படுகையிலிருந்து அளந்தது. இதைக் கவனிக்காமல் பழைய எண்ணை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்.

அடித்தள மட்டம் காட்டும் வரைபடத்துக்காக விடுப்பு எடுத்துத் திருச்சிக்கு விமானம் ஏறி, அங்கிருந்து பேருந்தில் போனேன். பதிவறை எழுத்தர் கோப்பைத் தொடக்கூட விடவில்லை. "அணை உறுதியாகத்தானே இருக்கிறது, அபாயம் என்று ஏன் எழுதுகிறீர்கள்?" என்று கடிந்தார். அபாய வகை என்பது அணையின் பலவீனத்தைச் சொல்வதன்று, உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்வது என எவ்வளவோ விளக்கியும், செயற்பொறியாளரின் கடிதம் வேண்டும் என்று அனுப்பிவிட்டார். புறப்படும் முன்பே அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை கடிதம் இருந்தது, கோப்பும் வந்தது, அந்தத் தாளைத்தான் கரையான் தின்றிருந்தது. சோர்ந்து கரையில் நின்றபோது அணையில் மதகுகளைக் கவனிக்கும் பணியாளராக, அதாவது லஸ்கராக, இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், "பயணியர் மாளிகைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்குமே, பார்த்தீர்களா தம்பி?" என்றார். பூஞ்சை படர்ந்த கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க, நீலத்தாளில் வெள்ளைக் கோடுகளாக அணையின் குறுக்குவெட்டு தெரிந்தது. அடித்தளம் படுகைக்கு 5 அடி கீழே. மொத்தம் 37 அடி, 11.28 மீட்டர்! அங்கேயே உதவிப் பொறியாளரிடம் சான்றொப்பம் வாங்கினேன். கைப்பேசியில் எடுத்த படம் மட்டும் சான்றாகச் செல்லாது.

மாலையில் அந்தப் பெரியவரோடு உபரிநீர் ஓடை வழியே நடந்தேன். எங்கள் பழைய நிலவரைபடத்தில் வயலாக இருந்த இடத்தில் ஒரு பள்ளியும் மூன்று தெருக்களும் இருந்தன. 1979இல் குஜராத்தின் மச்சு அணையின் மண் கரைகள் மீது வெள்ளம் புரண்டு மோர்பி நகரம் அழிந்ததைப் படித்த எவருக்கும் அந்தத் தெருக்களைக் கடந்துவிட்டு மேசையில் அமர்ந்து பழைய வரைபடத்தை நம்ப மனம் வராது. வீடுகளை எண்ணினோம், அபாய வகை ஒரு படி உயர்ந்தது. சென்ற வாரம் ஒப்படைத்த அறிக்கையில், அவசரகாலச் செயல்திட்டத்தில் முதலில் எச்சரிக்க வேண்டிய இடங்களாக அந்த மூன்று தெருக்களின் பெயர்களையும் எழுதியிருக்கிறோம்.